கருவாட்டின் மீது விழுந்த பழி: உடலின் நான்கு வகை ஒவ்வாமை

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் இரண்டு பெயர்தான். திடீரென்று தடித்து அரித்தால் காணாக்கடி. நாள்பட்டுச் சொரசொரத்து நீர் வடிந்தால் கரப்பான். காணாக்கடிக்கு மந்திரிப்பார்கள். கரப்பானுக்குப் பத்தியம் இருக்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு வந்தது கரப்பான் என்று ஊரே முடிவு செய்தது. முதலில் கண் இமைகள் வீங்கின. பிறகு கழுத்து, சட்டையின் மேல் பொத்தான் திறந்திருக்கும் இடம், முழங்கை மடிப்பு என்று சிவப்பு இறங்கிக்கொண்டே போனது. சில மாதங்களில் கழுத்துத் தோல் தடித்து, கோடு கோடாக வெடித்து, வியர்வை பட்டாலே எரிகிற நிலை வந்துவிட்டது. வீட்டில் கருவாடு நின்றது. கத்திரிக்காய் நின்றது. சோளம் நின்றது. 6 ஆண்டுகள் அப்படியே போயின.

அந்த 6 ஆண்டுகளும் அப்பா தக்காளித் தோட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். வரப்பில் முளைத்த பார்த்தீனியத்தை வெறும் கையால் பிடுங்கிக் குவித்துக்கொண்டுதான் இருந்தார். வெள்ளிக்கிழமை களை பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை இமை வீங்கும். "சனிக்கிழமை என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்போம். கருவாட்டுக் குழம்பு. அவ்வளவுதான், குற்றவாளி கிடைத்துவிட்டது. நடுவில் இருந்த இரண்டு நாட்கள்தான் எங்களை ஏமாற்றின என்பது வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

அலர்ஜி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாம் போட்டு அடைத்திருப்பவை உண்மையில் நான்கு வெவ்வேறு நிகழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் உடலில் வேறு படை, வேறு வழி. எல்லாவற்றுக்கும் மேலாக வேறு கால அளவு. ஒன்று நிமிடங்களில் வரும். இன்னொன்று பத்து நாள் கழித்து வரும். எது பட்டது என்பதோடு, பட்டு எத்தனை நேரம் கழித்து வந்தது என்றும் கேட்டால் பாதி விடை கையில் இருக்கும்.

அம்மையிலிருந்தும் காசநோயிலிருந்தும் நம்மைக் காக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம்தான் இந்த நான்கையும் செய்கிறது. காட்டுப்பன்றிக்காகப் போட்ட வேலியில் வீட்டு ஆடு மாட்டிக்கொள்வதைப் போல, காப்பதற்காக உண்டான ஏற்பாடு அளவு மீறும்போதோ ஆள் மாறி அடிக்கும்போதோ சேதம் நம் உடலுக்கே. இதை மிகையுணர்வு வினை என்பார்கள். பிலிப் ஜெல், ராபின் கூம்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1963இல் இதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைத்தான் படிக்கிறார்கள்.

முதல் வகை நிமிடக் கணக்கு. எங்கள் மாவட்டத்தில் மாசி, பங்குனி என்றால் புளி உலுக்கும் காலம். மரத்தில் ஏறுபவருக்குக் குளவிக் கூடு கண்ணில் படாமல் போவது உண்டு. கொட்டிய இடம் வீங்கி வலித்தால் அது விஷத்தின் இயல்பான வேலை. ஆனால் கொட்டாத உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கினால், உதடு தடித்தால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், வாந்தி வந்தால், கண் இருட்டினால் அது வேறு கதை. நூற்றுக்கணக்கான தேனீக்கள் கொட்டி உயிர் போனால் அது விஷத்தின் அளவு. ஒரே ஒரு குளவி கொட்டி அரை மணி நேரத்தில் ஒருவர் சரிந்தால் அது முதல் வகை மிகையுணர்வு.

"போன வருஷமும் கொட்டியதே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே" என்று உறவினர்கள் கேட்பார்கள். அந்தப் போன வருஷத்துக் கொட்டில்தான் எல்லாம் தொடங்கியிருக்கும். குளவி விஷத்தின் புரதத்தைப் பார்த்த உடல், அதை அடையாளம் கண்டு பிடிக்கும் ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) தயாரித்தது. குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை விரட்டுவதற்காக உண்டானது என்று கருதப்படும் எதிர்ப்பொருள் இது. 1960களின் பிற்பகுதியில்தான் இதைத் தனியாக அடையாளம் கண்டார்கள். ஐஜிஈ ரத்தத்தில் சும்மா மிதப்பதில்லை. தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் குடியிருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தச் செல்களின் வயிறு நிறைய ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் குருணை குருணையாக இருக்கிறது. அதே விஷம் இரண்டாம் முறை வந்து ஐஜிஈயைத் தொட்டதும் மாஸ்ட் செல்கள் அத்தனை குருணையையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, தோல் தடிக்கிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது, ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்குகிறது.

இந்த 'இரண்டாம் முறை' என்ற உண்மையை முதலில் கண்டுகொண்டவர்கள் பிரான்சைச் சேர்ந்த சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே. 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் கடல் உயிரிகளின் நச்சை ஆராயத் தொடங்கினார்கள். ஊர் திரும்பிய பிறகு, கடல் அனிமோன் நச்சைச் சிறு அளவில் நாய்களுக்குக் கொடுத்துப் பழக்கினால் அவற்றுக்குப் பாதுகாப்பு வரும் என்று எண்ணினார்கள். முதல் ஊசியைத் தாங்கி நன்றாக இருந்த ஒரு நாய்க்கு 22 நாட்கள் கழித்து மீண்டும் ஊசி போட்டபோது அது 25 நிமிடங்களில் இறந்துபோனது. காக்க வேண்டிய பழக்கமே கொன்றுவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அனாபிலாக்சிஸ். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. அனாபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். விரிந்த குழாயைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழாயை விரித்து, இதயத்தைத் தூக்கி நிறுத்துவது அதுதான். அவில் ஊசி அரிப்பை அடக்கும்; விழுந்த ரத்த அழுத்தத்தை எழுப்பாது. "அவில் போட்டாயிற்று, வீட்டுக்குப் போகலாம்" என்று கிளம்புவது ஆபத்து. சிலருக்கு எல்லாம் அடங்கிய பிறகு, சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். அதனால்தான் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கிறார்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்தி 108ஐ அழையுங்கள். மூச்சுத் திணறுபவர் மட்டும் சாய்ந்து உட்காரலாம். சரிந்து கிடப்பவரை சட்டென்று எழுப்பி நிறுத்தினால் இதயத்துக்கு ரத்தம் திரும்பாமல் அந்த நொடியிலேயே உயிர் போகலாம்.

ஆஸ்துமாவும் காலையில் அடுக்கடுக்காக வரும் தும்மலும் பெரும்பாலும் இதே வகையின் வேறு வடிவங்கள்தான். பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் தொழிலில் சிலருக்கு வரும் இளைப்பும் இதில் சேரும்.

இரண்டாம் வகையில் எதிர்ப்பொருள் நேராகப் போய் நம் செல்லின் மேலேயே அமர்ந்துவிடுகிறது. வகை மாறி ஏற்றிய ரத்தம் இதற்குத் தெளிவான உதாரணம். ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே குளிர் காய்ச்சல், இடுப்பு வலி, பிறகு கறுத்த சிறுநீர். ரத்தப் பையைத் தொங்கவிடுவதற்கு முன் செவிலியர் இரண்டு முறை பெயரும் வகையும் கேட்கும்போது சலித்துக்கொள்ளக் கூடாது என்பது இதற்காகத்தான்.

இதே வகை மெதுவாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு, அது நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கம். தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றால் முதல் பிரசவத்தில் பொதுவாக எதுவும் ஆகாது. பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடலில் கலக்கும். தாயின் உடல் அதைப் பார்த்துப் பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த குழந்தை கருவில் இருக்கும்போது அந்த எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாக உள்ளே போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். கடும் ரத்தசோகையில் குழந்தை கருவிலேயே இறக்கலாம். பிறந்தால் மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கலாம். பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டால், தாயின் உடல் பாடம் படிப்பதற்கு முன்பே கலந்த அணுக்கள் அப்புறப்படுத்தப்பட்டுவிடும். கருச்சிதைவு ஆனாலும் இந்த ஊசி வேண்டும். அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ ஒரு பெண்ணின் கர்ப்பிணி அட்டையில் ரத்த வகைக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது, அவளுடைய அடுத்த குழந்தைக்காகவும் பார்ப்பது.

மூன்றாம் வகைக்கு நாள் கணக்கு, சில நேரம் வாரக் கணக்கு. இதை எனக்குப் புரியவைத்தது பாம்புக்கடி.

ராகிக் கொல்லையில் விரியன் கடித்தவருக்கு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து கொடுப்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, குதிரை தயாரிக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்யும் மருந்து அது. முதல் தவணையிலேயே எட்டு முதல் பத்துக் குப்பி வரை போகும். கொடுக்கும்போதே ஒவ்வாமை வரலாம்; அதற்குத்தான் அட்ரினலினைப் பக்கத்தில் தயாராக வைத்திருப்பார்கள். உயிர் பிழைத்து ஊர் திரும்பிய பிறகு, ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும். மணிக்கட்டும் முழங்காலும் வலிக்கும். உடம்பெல்லாம் தடிப்பு வரும், நெறி கட்டும். வீட்டில் என்ன நினைப்பார்கள்? "விஷம் முழுதாக இறங்கவில்லை." வேர் கொடுப்பவரைத் தேடிப் போவார்கள்.

விஷம் போய் நாளாயிற்று. உடலுக்குள் இருப்பது குதிரையின் புரதம். உடல் அதை அந்நியன் என்று கண்டு எதிர்ப்பொருள் செய்ய ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். செய்து முடித்ததும் இரண்டும் பிணைந்து சிறு சிறு கட்டிகளாகி ரத்தத்தில் சுற்றும்; போய்ப் படியும் இடம் மூட்டு, தோல், சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள். படிந்த இடத்தில் வெள்ளையணுக்கள் வந்து கூடி எரிக்கின்றன. எதிர்ப்பொருள்கள் இருக்கும் ரத்த நீரைச் சீரம் என்பார்கள்; அதனால் இதற்குச் சீரம் நோய் என்று பெயர். சில நாள் மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும். விடைபெறும் சீட்டில் "இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால் இங்கேயே திரும்பி வரவும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எத்தனை அலைச்சல் மிச்சமாகும்!

வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, பேலா ஷிக் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் 1905இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்கள். தொண்டை அடைப்பானுக்குக் குதிரைச் சீரம் போட்ட குழந்தைகளைக் கட்டிலருகே நின்று நாள் எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள். முதல் ஊசிக்குப் பத்து நாள் வாக்கில் வந்த காய்ச்சல், இரண்டாம் ஊசிக்கு அதைவிடச் சீக்கிரம் வந்தது. நோயைச் செய்வது ஊசியில் இருந்த பொருள் மட்டுமல்ல, அதற்கு உடல் காட்டும் மாறிய பதிலும்தான் என்று பிர்க்கே முடிவுக்கு வந்தது இந்த நாள் கணக்கிலிருந்துதான். மாறிய பதில் என்ற பொருளில் அவர் 1906இல் உருவாக்கிய சொல்தான் நாம் இன்று எதற்கெடுத்தாலும் சொல்லும் அலர்ஜி.

குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு மூன்றாம் வகையில் இன்னொன்று. காலில் சிரங்கு வந்து சீழ் கட்டி ஆறிய இரண்டு மூன்று வாரம் கழித்து, காலையில் முகம் உப்பி, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் தள்ளிப்போடக் கூடாது. சிரங்கின் கிருமிக்கு எதிராக உண்டான பிணைப்புகள் சிறுநீரகத்தில் படிந்திருக்கலாம். சிரங்கு ஆறிவிட்டதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

நான்காம் வகைதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. இதில் எதிர்ப்பொருளே கிடையாது. வேலை செய்வது வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள். கார்ல் லேண்ட்ஸ்டெய்னர், மெரில் சேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1940களில் செய்த சோதனையில், இந்த வகை உணர்வை ஒரு கினிப் பன்றியிலிருந்து இன்னொன்றுக்குச் சீரத்தால் மாற்ற முடியவில்லை, செல்களால் மாற்ற முடிந்தது. செல்கள் ஒன்றையொன்று அழைத்து, வந்து கூடி, பெருக வேண்டும். அதற்கு ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். காசநோய்க்காக முன்கையில் மாண்டூ ஊசி போட்டு "48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வந்து காட்டுங்கள்" என்று சொல்வது டி செல்கள் வந்து சேரும் நேரத்துக்காகத்தான்.

பார்த்தீனியத்தின் இலையிலும் பூவிலும் இருக்கும் மெல்லிய மயிர்களில் பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தன்னளவில் அது மிகச் சிறியது, உடல் கண்டுகொள்ளாது. தோலுக்குள் இறங்கி நம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டதும் நம் புரதமே அந்நிய முகமாகிவிடுகிறது. தோலில் இருக்கும் காவல் செல்கள் அதை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல்களுக்குக் காட்டுகின்றன. முதல் பாடம் படிக்க ஏறத்தாழ இரண்டு வாரம். பிறகு வாழ்நாள் நினைவு. மாதக்கணக்காக, வருடக்கணக்காகத் தொட்டும் ஒன்றும் ஆகாதவருக்கு ஒரு நாள் திடீரென்று வருவதும் உண்டு. "இத்தனை வருஷம் பிடுங்குகிறேன், இந்தச் செடியா என்னைச் செய்யும்?" என்று அப்பா கேட்டது இதனால்தான்.

செடியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்த செடி பொடியாகிக் காற்றில் பறக்கிறது. அது தங்கும் இடங்கள் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம். அப்பாவின் உடலில் இருந்த வரைபடம் அப்படியே இதுதான். 1950களில் புனேயில் கவனத்துக்கு வந்த இந்த அமெரிக்கக் கண்டத்துச் செடி இன்று தர்மபுரியிலிருந்து ஓசூர் வரை சாலையோரம் முழுக்க நிற்கிறது. மழை பெய்தால் கொத்தமல்லி போலத் தளதளவென்று முளைக்கும், நாலைந்து வாரத்தில் வெள்ளைப் பூவெடுக்கும்.

அதே செடி வேறு ஒருவருக்கு முதல் வகையையும் செய்யும். மகரந்தம் மூக்கில் ஏறிய நிமிடங்களில் தும்மலும் மூக்கு ஒழுகலும். பக்கத்துப் பக்கத்து வரப்பில் நிற்கும் இருவரில் ஒருவர் அங்கேயே தும்முவார், இன்னொருவருக்கு நாளை மறுநாள் இமை வீங்கும். செடி ஒன்று, கடிகாரம் இரண்டு.

கிருஷ்ணகிரிப் பக்கம் நான்காம் வகைக்கு மாமரம் இருக்கிறது. பெங்களூரா மாங்காய் பறிக்கும்போது காம்பு முறிந்ததும் பீறிடும் பால் பட்ட இடம் சிலருக்கு இரண்டு நாளில் கொப்புளமாகும். தோலோடு கடித்துச் சாப்பிடுபவருக்கு உதட்டோரம் வெடிக்கும். பழி உடல் சூட்டின் மேல் விழும். பாலிலும் தோலிலும் இருக்கும் வேதிப்பொருள்தான் காரணம், சதைப் பகுதியில் அது மிகக் குறைவு. தோலைச் சீவிச் சாப்பிட்டால் பலருக்கு ஒன்றும் ஆகாது. முந்திரியும் சேங்கொட்டையும் மாவின் சொந்தக்காரர்கள். சேங்கொட்டைச் சாற்றால் சலவைத் தொழிலாளர் காலரில் குறி போட்ட காலத்தில், குறி பட்ட கழுத்தில் சரியாக அந்த அளவுக்குப் புண் வந்தது மருத்துவ ஏடுகளிலேயே பதிவாகியிருக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களின் கை வெடிப்பு பலருக்கு வெறும் சிமென்ட் காரத்தால் வருவது. சிலருக்கு அதில் சிமென்டில் உள்ள குரோமேட் உப்புக்கு எதிரான நான்காம் வகையும் கலந்திருக்கும். கவரிங் நகையின் நிக்கல், தலைச்சாயம், ஒட்டுப்பொட்டின் பசை எல்லாம் இந்தப் பட்டியல்தான்.

நான்கு என்று பிரித்தாலும் நோய்கள் அந்தக் கட்டத்துக்குள் ஒழுங்காக அடங்குவதில்லை. ஈரத்தில் பூசணம் பிடித்த வைக்கோலைப் பிரிப்பவருக்கு வரும் நுரையீரல் நோயில் மூன்றும் நான்கும் கலந்தே இருக்கின்றன. பாம்புக்கடி மருந்துக்கு உடனே வரும் ஒவ்வாமையில் பெரும்பகுதி ஐஜிஈ இல்லாமலேயே வருகிறது. அதனால் முன்கூட்டித் தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

அப்பாவுக்குக் கடைசியில் தோல் மருத்துவர் ஒருவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார். சின்னச் சின்ன வட்டக் கிண்ணங்களில் ஒவ்வொரு பொருளையும் துளி வைத்து, பிளாஸ்திரியால் வரிசையாக ஒட்டினார். இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, தோட்டத்துக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு நாளும் அப்பா திண்ணையில் குப்புறப் படுத்து, போகிற வருகிறவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். 48 மணி நேரத்தில் பிளாஸ்திரியைப் பிரித்தபோது ஒரே ஒரு வட்டம் சிவந்து மேடாக இருந்தது. நான்காம் நாள் போய்க் காட்டியபோது அதில் பொடிக் கொப்புளங்கள் வந்திருந்தன. பார்த்தீனியம்.

மருத்துவர் கேட்ட அடுத்த கேள்வி சாமந்தியைப் பற்றியது. கொல்லையில் கால் ஏக்கர் சாமந்தி இருந்தது. இரண்டு செடியும் ஒரே குடும்பம், ஒன்றைப் பழகிய டி செல் இன்னொன்றையும் தாக்கலாம் என்றார். அந்தப் போகத்தோடு சாமந்தியை நிறுத்தினோம். களை பிடுங்க ஆள் வைத்தோம். அவர்களுக்கும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் கொடுத்து, பூ விடுவதற்கு முன்பே ஈர மண்ணில் வேரோடு எடுக்கச் சொன்னோம். காய்ந்த குவியலைத் தோட்டத்தில் விடுவதில்லை. தோட்டத்துக்குப் போய்வந்த சட்டை மற்றத் துணிகளோடு ஊறுவதில்லை. களிம்போடு, மாதம் தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் அசாதயோப்ரின் மாத்திரையும் ஓராண்டுக்கு மேல் போட்டார். இமை வடிந்தது, கழுத்துத் தோல் மெல்ல மெல்ல இளகியது. மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

சோதனை முடிவு வந்த நாள் திரும்பும் வழியில் பாலக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா நேராகச் சந்தைக்குள் போனார். அம்மா வாசலில் நின்று பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். உள்ளே அரைக் கிலோ நெத்திலிக் கருவாடும், அதோடு போட ஒரு கூறு கத்திரிக்காயும் இருந்தன.